பதினொரு வண்டி ஈரத்துணி

செல்வா,

இன்றைக்குத் தேதி பதினைந்து. நாட்டின் போன மாத ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு சாயங்காலம் வெளியாகும். அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய பிறகுதான் உனக்குச் சோறு இறங்கும். இப்போது போன் போட்டால் "அம்மா, இன்னைக்கு நம்பர் வார நாளு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்றால் பாதியில் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். அதனால்தான் காகிதம். உலையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த நாலு வரிக்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை வாசல் கேட்டைச் சாத்த, ஒரு தடவை சாத்திய கேட்டைத் திறக்க, ஒரு தடவை சும்மா. இருப்புக்கொள்ளவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்கும் கோதைக்கும் நிச்சயதார்த்தம். அதற்குள் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு அந்த நிச்சயம் நடக்குமா, நின்றுபோகுமா என்று எனக்குத் தெரியாது. மறைத்தே நடத்திவிடலாம் என்றுதான் ஒன்றரை மாதம் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் நம் ராஜபாளையத்து பேண்டேஜ் துணிக் கம்பெனிக்காரி. தறியிலிருந்து வரும் துணியை வெளுத்து, காயப்போட்டு, வெட்டி, மடித்து, பேல் பேலாக இறுக்கிக் கட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றி விடுவது வரை அங்கே வேலை. அதில் பேக்கிங் பகுதிக்கும் கப்பல் காகிதங்களுக்கும் நான் பொறுப்பு. எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் மாதக் கணக்கில் பைத்தியம். ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார். போன மாதம் எத்தனை கன்டெய்னர், இந்த மாதம் எத்தனை, இரண்டே வரி. கூடியிருந்தால் மாதக் கடைசியில் ஆளுக்கொரு பொட்டலம் சேவும் டீயும். குறைந்திருந்தால் வெறும் டீ. அந்த வெறும் டீயைக் குடிக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கும். பாதிப் பேர் வாதாமரத்து அடியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். பலகையில் எழுதுகிற வேலையை அவர் ஒருநாள் என்னிடம் கொடுத்தார். அதற்கு முன்னால் மேனேஜர்தான் எழுதிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் என் கைக்கு வந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது என்று உன் அப்பா கேலி பண்ணுவார். கேலி இல்லை, உண்மை. அத்தனை ஆண்கள் வேலை பார்க்கிற இடத்தில் கூடியதையும் குறைந்ததையும் நான்தான் எழுதினேன்.

ஒரு விஷயம் நீயும் அறிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். சரக்குக்குத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் அனுமதி விழுகிறதோ அந்த மாதத்துக் கணக்கில்தான் அது ஏறும். முப்பத்தொன்றாம் தேதி என்றால் இந்த மாதம், விடிந்து ஒன்றாம் தேதி என்றால் அடுத்த மாதம். துணி அதே துணி, வாங்குகிறவரும் அதே ஆள். கட்டுப்போடக் காத்திருக்கிற காயத்துக்கு எந்த மாதமானால் என்ன. ஆனாலும் அந்த ஒரு நாளைப் பிடிப்பதற்காக நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பே வராது. இருபத்தைந்தாம் தேதியிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும். ஒன்றாம் தேதி ஆனால் பலகையில் மறுபடி பூஜ்யம் போட்டு ஆரம்பிப்பேன். முந்தின நாள் வரை ஓடியது எதற்கும் அர்த்தமில்லாததுபோல இருக்கும். வேலையை விட்டு இரண்டு வருஷமாகியும் மாதக் கடைசி வந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, போ.

இந்தப் புத்தியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஏழாம் வகுப்பில் உனக்கு அம்மை போட்டு எழுந்த மாதம். மாதப் பரீட்சை அட்டையை நீட்டினாய். கணக்கில் போன மாதத்தைவிட ஏழு மார்க் குறைவு. "பத்து நாள் ஸ்கூலுக்கே போகலியேம்மா" என்றாய். "அதெல்லாம் இருக்கட்டும். போன மாசம் எம்புட்டு, இந்த மாசம் எம்புட்டு, அதச் சொல்லு" என்றேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. உன் அப்பா மில்லிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "ஏட்டி, புள்ள என்ன கன்டெய்னரா? ஏத்துனது எறக்குனதுன்னு பாத்துக்கிட்டு இருக்க" என்றார். சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டிய இடம். நான் அவரோடும் சண்டை போட்டேன். அம்மைத் தழும்பு ஆறாத முகத்தோடு நீ மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாய். இன்று நீ பார்க்கிற வேலையும் கூடிற்றா குறைந்ததா என்று எழுதுகிற வேலைதான். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அந்த இரண்டு நாளுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

மறு வருஷம், நீ எட்டாம் வகுப்பு. அக்டோபர் கடைசி, ஐப்பசி அடைமழை. மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. பலகையில் தொடர்ந்து நாலு மாதம் எண்ணிக்கை கூடியிருந்தது. ஐந்தாவது மாதமும் கூடினால் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து நடக்காத ஒன்று நடந்ததாக ஆகும். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சாக்பீஸைப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அது எனக்குப் போதும். எங்களிடம் அப்போது உலர்த்துகிற மெஷின் கிடையாது. வெயில்தான், வெயில் இல்லாவிட்டால் பெரிய பேன்கள்தான். காயப்போடும் பகுதிக்கு ஒருத்தி பொறுப்பாக இருந்தாள். பெயர் பேச்சியம்மாள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஈரம் காட்டுகிற மீட்டரை வைத்துப் பார்ப்பாள். அதையும் நம்பாமல் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்தும் பார்ப்பாள். காயாத துணி இருக்கிற தள்ளுவண்டியின் கைப்பிடியில் ஒரு நீலத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுவாள். நீலம் கட்டிய வண்டி என் பகுதிக்குள் வரக்கூடாது. ஈரத்தோடு இறுக்கிப் பேல் போட்டால் கன்டெய்னர் சூட்டில் பூஞ்சை பிடித்துவிடும். காயத்தின்மேல் வைக்கிற துணி அது. இது அங்கே வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

அன்று மத்தியானம் பேச்சியம்மாளின் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று. "அக்கா, அரை நாள் போயிட்டு வாரேன்" என்று குடைகூட எடுக்காமல் ஓடினாள். வண்டிகளைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, அதற்குத்தானே கிழிசல். கடைசி கன்டெய்னருக்கு லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதை நிரப்பத் துணி குறைந்தது. நான் காயப்போடும் பகுதிக்குப் போனேன். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். பதினொரு வண்டி நின்றது, பதினொன்றிலும் நீலம். கையை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. லேசான ஈரம்தான், போகிற வழியில் காற்றில் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடிய கன்டெய்னருக்குள் ஏது காற்று. ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நல்லா இறுக்கி முடிச்சுப் போடுவாள், இரண்டு மூன்றைப் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. பதினொரு கிழிசலையும் கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் திணித்துவிட்டு, சாப்பிட்டுத் திரும்பிய பிள்ளைகளிடம், "ஏட்டி, இதெல்லாம் காஞ்சிருச்சு, தள்ளுங்க" என்றேன். லாரி போய்ச் சேர்ந்தது. அனுமதியும் அந்த மாதத் தேதியிலேயே விழுந்தது. பலகையில் வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினேன். எல்லாருக்கும் சேவு. உனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன், நீ தின்றாய்.

மறுநாள் காலையில் பேச்சியம்மாள் வந்து வண்டிகளைத் தேடினாள். நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, அந்தப் பதினோரு வண்டி எங்க? அது காயலியே" என்றாள். நான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "நீலம் ஒண்ணும் இல்லையே பேச்சி. காஞ்சதுன்னு நெனச்சுல்லா பேல் போட்டாச்சு" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் கட்டலியா?" என்றாள். என்னைக் கேட்டாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நான் எழுந்து அவள் தோளில் கையை வைத்து, "புள்ளைக்கு முடியாத நேரம். மறந்திருப்ப. விடு, லேசான ஈரந்தான்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன் செல்வா. அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

துணி வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பேலைப் பிரித்தவர்கள் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். வெள்ளைத் துணி முழுக்கக் கரும்புள்ளி. ஏற்க மாட்டோம் என்றுவிட்டார்கள். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே பேச்சியம்மாள், "நான் நீலம் கட்ட மறந்துட்டேன் மொதலாளி" என்று அழுதாள். என் வாய் ஒட்டிக்கொண்டது என்று இங்கே எழுதினால் அது பொய். என் வாய் நன்றாகத்தான் இருந்தது. "அவ வேணும்னு செய்யல மொதலாளி. புள்ளைக்குக் காய்ச்சல், பதட்டத்துல போயிருக்கா" என்று அவளுக்காகப் பரிந்து பேசினேன். இப்படிப்பட்ட மனுஷி யாருக்கு வாய்க்கும் என்று கம்பெனியே என்னைப் புகழ்ந்தது. முதலாளி அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே பத்து நாளில் நின்றுவிட்டாள். எங்கே போனாள், என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

மூன்று மாதம் கழித்து அந்தத் துணி தூத்துக்குடிக்கே திரும்பி வந்தது. திரும்பி வருகிற சரக்கு இறக்குமதி. அதற்கும் நான்தான் காகிதம் தயார் செய்தேன். கப்பலேறிய மாதத்தில் ஏற்றுமதி கூடியது, திரும்பி வந்த மாதத்தில் இறக்குமதி கூடியது, நாட்டின் இரண்டு கணக்கிலும் அந்தத் துணி ஏறிவிட்டது. ஒருத்தர் காயத்துக்கும் போகாமல் கம்பெனிக் கொட்டகையில் கிடந்து மக்கியது. ஐந்தாவது மாதமும் கூடியதாக நான் பலகையில் எழுதியதை யாரும் வந்து அழிக்கச் சொல்லவில்லை.

நீ வேலையில் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு உன் வேலையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாய், நினைவிருக்கிறதா? "மொதல்ல வர்ற நம்பர் தற்காலிகந்தாம்மா. அடுத்த மாசம் புது நம்பர் வரும்போது பழையதச் சத்தமில்லாம திருத்திருவாக. அதப் பத்தி எந்தப் பேப்பர்லயும் பெருசா வராது" என்றாய். "அப்ப மொதல்ல சொன்னது தப்புன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "தேடிப் படிக்கிறவனுக்குத் தெரியும்" என்றாய். நீ பாட்டுக்கு ரசம் ஊற்றிக்கொண்டாய். எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கப்பல் கப்பலாகப் போகிற கணக்கையே ஒரு மாதத்தில் திருத்துகிறார்கள். நான் ஒரு பொம்பளையைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை அத்தனை வருஷமாகத் திருத்தவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

பால்காரர் வந்தார், எழுந்து போய் வந்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எழுதுகிறேன், பொங்கினால் பொங்கட்டும்.

சித்திரை மாதம் நீயும் நானும் உன் சித்தப்பாவும் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். மெட்ராஸில் உன் ஆபீஸ் பக்கத்து பேங்கில் வேலை பார்க்கிற பெண், பெயர் கோதை, அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறார் என்று நீ சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். மடவார்வளாகம் பக்கத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து கோதையின் அம்மா வந்தாள். பேச்சியம்மாள். காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளைதான் கோதை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களா? உங்க முகத்துல எப்படி முழிப்பேன்னு இத்தன வருசமா ராஜபாளையம் பஸ்ல கூட ஏற மாட்டேன். என்னால உங்களுக்கு எம்புட்டுக் கெட்ட பேரு" என்றாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள் செல்வா. நீ பக்கத்தில்தான் இருந்தாய். பழைய சிநேகிதம் என்று சந்தோஷப்பட்டாய்.

அவள் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "இவ கப்பலையே கவுத்தவல்லா. ஒரு கிழிசல் கட்ட மறந்து கம்பெனிய நாறடிச்சுட்டு வந்தவ. இவ கேஸ அணைச்சாளான்னு நாமதான் ரெண்டு தடவ பாக்கணும்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தினமும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பேச்சு, கேட்டாலே தெரிந்தது. கோதையும் சிரித்துக்கொண்டே, "அம்மா வீட்டப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, திரும்ப வந்து பூட்ட இழுத்துப் பாப்பாக" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் சிரித்தேன். பேச்சியம்மாளும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது. கேஸ் அடுப்பின் திருகை மூடினாள். திரும்பி இரண்டு எட்டு வந்தாள், மறுபடி போய்த் தொட்டுப் பார்த்தாள். துணியைக் கன்னத்தில் வைத்து ஈரம் சொன்னவள். மறுபடியும் ஒருமுறை போய்த் தொட்டாள்.

அன்றிலிருந்து எனக்குக் கால் வீட்டில் தங்கவில்லை. தாலிச் செயினுக்கு நகைக்கடைக்குப் போனோமே, நீ வேறு "இந்த மாசம் தங்கம் எறக்குமதி கூடிருக்குமா, நம்ம வீட்டுச் செயினும் அதுல சேத்தி" என்று சிரித்தாய். நான் அந்தச் செயினைக் கையில் வாங்காமல் உன்னிடமே கொடுக்கச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரிகள் பார்த்தேன், மண்டபத்துக்கு அலைந்தேன், புடவை எடுத்தேன், இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். எதிலும் மனசு நிற்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். இறங்கி அவள் தெருமுனை வரை போய்த் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டேன். ராஜபாளையம் பஸ்ஸை மூன்று விட்டேன். மறுபடி போனேன். பேச்சியம்மாள் தனியாகத்தான் இருந்தாள். "அக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீக. செத்த நேரம் உக்காருங்க, காப்பி போடுதேன்" என்றாள். காப்பி வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்து சொன்னால் கதையாகிவிடும் என்று பட்டது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பதினோரு வண்டியிலயும் நான் கட்டியிருந்தேனா?" என்று கேட்டாள். "பதினொண்ணுலயும்" என்றேன். "ஒண்ணு ரெண்டு விட்டிருந்தேனா?" என்றாள். "ஒண்ணுகூட விடல பேச்சி. இறுக்கிக் கட்டியிருந்த, நான் பல்லால கடிச்சு அவுத்தேன்" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "தளவாய்புரத்துல நைட்டி தைக்கிற கம்பெனியில சூப்பர்வைசரா கூப்பிட்டாக. நூறு பேரு வேல பாக்குற எடம். ராஜபாளையம் தாண்டித்தான போகணும், அதுவும் இல்லாம மறந்துட்டா என்ன செய்யன்னு நான் போகல. எம் பிள்ள வயசுக்கு வந்த அன்னைக்குத் தேதிய எழுதி வச்சும் என்னயே நான் நம்பல" என்றாள். என்னிடம் சொல்வதுபோலவே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கெளம்புங்க. அவிய சாப்பிட வார நேரம்" என்றாள். அக்கா என்ற சொல் அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை.

வாசல் வரை வந்தாள். "புள்ளைக ஆசப்பட்டிருக்கு. நான் கல்யாணத்துக்குத் தடையா நிக்க மாட்டேன். ஆனா இத எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிராதீக. ஞாயித்துக்கிழம எம் புருசன் இருப்பாரு, எங்க அண்ணன்மாரு வருவாக, மச்சினமாரு, ஊர்க்காரவுக எல்லாரும் இருப்பாக. அவுக முன்னால சொல்லுங்க. தட்டு மாத்துறதுக்கு முன்னால" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த நிலைமையிலும், "தட்டு மாத்தின பொறவு சொல்லட்டுமா பேச்சி?" என்று கேட்டேன். உனக்காகக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே விளங்கிவிட்டது, அது எனக்காகவும்தான். "மாத்தின பொறவு நீங்க சம்பந்தியம்மா. சம்பந்தியம்மாவ யாரு என்ன கேப்பா? எல்லாரும் வாய மூடிக்கிடுவாக. நான் பழையபடி கப்பலக் கவுத்தவதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் திரும்பி வந்து தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற சத்தம் கேட்குமா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தெருவில் ஒரு லாரி போனது, அதனால் கேட்காமல் போயிருக்கலாம்.

ஆக, இதுதான் நிலைமை. பேச்சியம்மாளின் அண்ணன்மார் இரண்டு பேர், சட்டென்று கோபம் வருகிறவர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்படிப்பட்டவள் வீட்டுக்கா நம் பெண் என்று எழுந்து போகலாம். கோதையே உன்னைப் பார்க்காமல் உள்ளே போகலாம். அவளிடம் அவள் அம்மா சொல்லிவிட்டாளா என்று எனக்குத் தெரியாது, நீயாகப் போய்ச் சொல்லாதே, அது பேச்சியம்மாள் சொல்ல வேண்டியது. உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. அங்கே நான் எழுந்து நிற்கும்போது முதல் தடவையாக நீ கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பேச்சியம்மாள் பதினைந்து வருஷம் கேட்ட சிரிப்பில் ஒருநாள் நீயும் கலந்துகொண்டாய். அது எதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நிச்சயம் நடந்து, கல்யாணமும் நடந்தால், உன் அம்மா சொன்னாள் என்று ஒன்றை வைத்துக்கொள். ஒரு மாதத்து கோதையை முந்தின மாதத்து கோதையோடு வைத்துப் பார்க்காதே. உங்கள் ஆபீஸில்கூடக் கணக்கில் போன வருஷம் இதே மாதத்தைத்தானே எடுத்துப் பார்க்கிறீர்கள், மழைக்கு மழை, வெயிலுக்கு வெயில் என்று. அவளுக்கு முடியாத மாதமும் வரும், உனக்கு முடியாத மாதமும் வரும். அந்த மாதத்தில் போய், போன மாசம் எம்புட்டு இந்த மாசம் எம்புட்டு என்று நிற்காதே. இன்னொன்று. ஒன்றைச் செய்துவிட்டேன் என்று கோதை சொன்னால் நம்பு. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வா, சண்டை போடு, கத்து. மறந்திருப்பாய் என்று அன்பாகத் தோளில் கையை மட்டும் வைக்காதே.

ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டியதை அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை அடைமழையிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் தடவை முதலாளியிலிருந்து. இரண்டும் எனக்குச் சாதகமான பேச்சு. எல்லாவற்றையும் தள்ளிய பிறகு இவ்வளவுதான் மிஞ்சியது: "பேச்சியம்மா எதையும் மறக்கல. பதினோரு வண்டியிலயும் நீலம் கட்டியிருந்தா. அவுத்தது நான். பழிய அவமேல போட்டதும் நான்." அங்கே வந்து நான் மறுபடி மழையில் தொடங்கினால் நீ குறுக்கே பேசி நிறுத்து. அவர்கள் என்னைத் திட்டினால் எனக்காகப் பேசாதே. உன் சித்தப்பா அவசரக்காரர், நல்ல நேரம் போகிறது என்று தட்டைத் தூக்கிவிடுவார். நீ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள். நான் சொல்லி முடிக்கும் வரை அந்தத் தட்டை யாரையும் தொட விடாதே.

அம்மா